யாருடைய கணக்கு? – விவசாய வணிகமும் வளப் பொருளியலும்: வாசகர் கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு விவசாய பீடத்தைப் பற்றிப் பல கேள்விகள் வந்து சேர்ந்தன. பீடத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். பதில்களில் வரும் விலைகளும் விளைச்சல்களும், வேறாகச் சொல்லாத இடங்களில், கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்: மகள் உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். மருத்துவத்துக்கு இஸட் புள்ளி காணாது, விவசாய பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. அங்கே விவசாய வணிக முகாமைத்துவம், இயற்கை வளப் பொருளியல் என்றெல்லாம் சிறப்புப் பாடங்கள் உண்டாம். வயலையே கண்டிராத பிள்ளை. படித்து முடித்துக் கொழும்பில் என்ன செய்வாள்?

வயல் காணாதது ஒரு குறையே இல்லை. பீடத்துக்குப் போனால் தானாகக் காண்பாள். ஆரம்ப ஆண்டுகளில் மண், பயிர், கால்நடை, நீர்ப்பாசனம், பூச்சி நோய், புள்ளிவிபரம், பொருளியல் எல்லாம் பொதுவாகவே நடக்கும். சேற்றில் கால் வைக்காமல் பட்டம் கிடையாது. பொருளியல், வணிகப் பக்கம் திரும்புவது பெரும்பாலும் அதன் பிறகுதான். பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகம், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் விவசாயப் பொருளியல் துறை இருக்கிறது. வயம்ப, சப்ரகமுவ, ருகுணு பல்கலைக்கழகங்களிலும் விவசாய வணிகம் கற்பிக்கிறார்கள். எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்தந்த வருடக் கைநூலில் பார்த்து நிரப்புங்கள். அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு விருப்ப வரிசையை எழுதாதீர்கள். அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே மகளின் புள்ளியைக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியோடுதான் ஒப்பிட வேண்டும். கிளிநொச்சியில் இருக்கும் மைத்துனியின் புள்ளியோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

வேலை என்றால், இந்தப் படிப்புக்குக் கொழும்பு தூரமான ஊர் இல்லை. தேயிலை ஏலம் 1883இலிருந்து இங்கேதான் நடக்கிறது. அதைச் சுற்றித் தரகு நிறுவனங்கள், ஏற்றுமதியாளர்கள், தரம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, பயிர்க் காப்புறுதி, சுப்பர் மார்க்கெட்டுகளின் கொள்வனவுப் பகுதி, ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, விஜேராம மாவத்தையில் உள்ள கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகம் ஆகியவை எல்லாம் இந்தப் பட்டதாரி போய் அமரக்கூடிய இடங்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் கடினமாகத்தான் இருக்கும். பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையே கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கே கொடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவர்: உயிரியல் பிரிவில் படித்ததால் கணிதம் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. பொருளியல் பக்கம் போனால் தாக்குப்பிடிப்பேனா?

தாக்குப்பிடிக்கலாம். வேண்டியது வகையீடு, மடக்கை, இரண்டு மூன்று சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது, புள்ளிவிபரவியல், இவ்வளவுதான். ஆனால் இவற்றை மனப்பாடம் செய்தால் ஒட்டாது. ஒரே ஓர் உதாரணத்தை அடிவரை போட்டுப் பாருங்கள்.

ஒரு ஹெக்டயர் நெல்லுக்கு ‘நை’ கிலோ நைதரசன் இடுகிறீர்கள். விளைச்சல் கிலோவில் = 3000 + 30 நை − 0.1 நை² என்று வைப்போம். உச்ச விளைச்சல் வேண்டுமானால் வகையிட்டுப் பூச்சியமாக்குங்கள்: 30 − 0.2 நை = 0, நை = 150 கிலோ, விளைச்சல் 5250. பயிரியல் விரிவுரையில் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். பொருளியல் இன்னும் ஒரு படி கேட்கும். கடைசியாகப் போட்ட ஒரு கிலோ நைதரசன் தன் விலையைத் திருப்பித் தந்ததா? நெல் கிலோ 100 ரூபா, நைதரசன் கிலோ 600 ரூபா என்றால், ஒரு கிலோ நைதரசன் ஆறு கிலோ நெல்லையாவது தர வேண்டும். 30 − 0.2 நை = 6, அதாவது நை = 120. விளைச்சல் 5160. 90 கிலோ நெல் குறைந்தது, 9,000 ரூபா நட்டம். 30 கிலோ நைதரசன் மிச்சம், 18,000 ரூபா. கமக்காரர் கையில் 9,000 கூடுதலாக நிற்கிறது.

இப்போது அரசாங்கம் மானியம் கொடுத்து நைதரசனை 200 ரூபாவுக்குத் தருகிறது. அதே சமன்பாட்டில் 6 இருந்த இடத்தில் 2 வரும், நை = 140. கமக்காரர் 20 கிலோ கூட்டிப் போடுகிறார், அவர் கணக்கில் அது சரிதான். ஆனால் போடும் ஒவ்வொரு கிலோவுக்கும் மீதி 400 ரூபாவைத் திறைசேரி கட்டுகிறது. பயிர் எடுக்காத பகுதி நைத்திரேற்றாகி நிலத்தடி நீரில் இறங்குகிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்திலும் கற்பிட்டியின் மணல் நிலத்திலும் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கமக்காரரின் கணக்கு, திறைசேரியின் கணக்கு, கிணற்று நீர் குடிப்பவரின் கணக்கு என்று ஒரே மூட்டைக்கு மூன்று கணக்கு. விவசாய வணிகம் முதலாவதை எழுதப் பழக்குகிறது, வளப் பொருளியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதப் பழக்குகிறது. நான்கு வருடத்திலும் எந்தக் கேள்வித்தாள் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய கணக்கு என்பதைத்தான்.

இதே சமன்பாட்டில் நை = 0 என்று போட்டால் 3000. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டு நவம்பரில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது ஏன் என்று விளங்கிக்கொள்ள இந்த வளைவும் உதவும். 150இலிருந்து 120க்கு வருவதும் 120இலிருந்து பூச்சியத்துக்கு விழுவதும் வளைவின் இரு வேறு பகுதிகள். மேலே சரிவு மெல்லியது, கீழே செங்குத்து.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறோம். 120 கிலோ நைதரசன் என்பது 120 கிலோ யூரியா ஆகாது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம், ஆகவே 261 கிலோ யூரியா, 50 கிலோ மூட்டையில் ஐந்தும் கொஞ்சமும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்: விளைச்சல் நல்லாய் இருக்கும் வருடத்தில்தான் நுவரெலியா கரட்டை உழுது புதைக்கிறார்கள், தம்புள்ளையில் பூசணியைக் கொட்டுகிறார்கள். இதற்குப் பொருளியலில் விளக்கம் உண்டா?

உண்டு. பெயர் கேள்வி நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது மக்கள் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது. கரட் மலிந்தால் ஒரு வீட்டில் ஒரு நாள் கூடுதலாகக் கறி வைப்பார்கள், இரண்டு மடங்கு சாப்பிட மாட்டார்கள். நெகிழ்ச்சி 0.4 என்று எடுத்தால், சந்தைக்கு வரும் அளவு 10 சதவீதம் கூடும்போது அவ்வளவையும் விற்றுத் தீர்க்க விலை ஏறக்குறைய 25 சதவீதம் விழ வேண்டும். 1.10ஐ 0.75ஆல் பெருக்கினால் 0.825. கூட விளைத்துச் சந்தைக்கு அனுப்பியவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 17.5 சதவீதம் குறைவாக வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். விலை அறுவடைக் கூலியையும் லொறிக் கூலியையும் காணாத இடத்துக்கு இறங்கினால், பிடுங்காமல் விடுவதே நட்டத்தைக் குறைக்கும் வழி. ஏற்கெனவே போட்ட உரமும் விதையும் போனது போனதுதான், அதை அந்த முடிவில் சேர்க்கக் கூடாது. வாடகை கொடுத்த வேனில் பாதி வழியில் நின்றுகொண்டு, கொடுத்த காசுக்காக மீதி வழியும் போவதா என்று யோசிப்பது போன்ற தவறு அது.

வத்தளையிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவி: மரக்கறி விநியோகத் திட்ட அறிக்கையில் கழிவைத் தவறாகச் சேர்த்திருக்கிறேன் என்று விரிவுரையாளர் வட்டம் போட்டுத் தந்தார். கொள்விலை கிலோ 100, லொறி 10, கழிவு 20 சதவீதம். 110ஐ 1.2ஆல் பெருக்கி 132 என்று எழுதினேன். எங்கே பிழை?

100 கிலோ வாங்குங்கள். லொறியோடு 11,000 ரூபா. இருபது கிலோ அழுகி, நசுங்கி, முனை ஒடிந்து போகிறது. விற்க நிற்பது 80 கிலோ. 11,000ஐ 80ஆல் வகுத்தால் 137 ரூபா 50 சதம். கழிவு வந்தால் எஞ்சியதால் வகுக்க வேண்டும், கழிவைக் கூட்டிப் பெருக்கக் கூடாது. ஐந்தரை ரூபாதானே என்று தோன்றும். உங்கள் திட்டத்தின் இலாப எல்லையே கிலோவுக்கு ஆறேழு ரூபாவாக இருந்தால் அத்தனையும் இந்தப் பிழைக்குள் காணாமல் போயிருக்கும்.

இன்னும் ஒன்று. கழிவு 20 சதவீதம் என்று எங்கோ படித்து எழுதாமல், பேலியகொடை மெனிங் சந்தைக்கு விடியுமுன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். 2020இல் புறக்கோட்டையிலிருந்து அங்கே மாறிய பிறகு இறக்கும் இடம், வாகனம் நிற்கும் இடம் எல்லாம் தனித்தனி, நின்று பார்க்க வசதி. ஒரே லொறியில் வந்த பத்து மூட்டையை எண்ணிப் பாருங்கள். சாக்கில் வந்த போஞ்சிக்கும் பிளாஸ்டிக் கூடையில் வந்த போஞ்சிக்கும் கழிவு வேறு வேறாக இருக்கும். அடியில் நசிந்ததை விலை குறைத்து விற்கிறார்களா, வீசுகிறார்களா என்பதையும் குறியுங்கள். குறைந்த விலைக்கு விற்றால் அது முழுக் கழிவு இல்லை. நிறுக்கும்போது சாக்குக்கென்று எத்தனை கிலோ வெட்டுகிறார்கள், கொமிஷன் யாரிடம் பிடிக்கிறார்கள், காசு அன்றைக்கா அடுத்த கிழமையா என்றும் கேளுங்கள். கேட்கும் நேரம் முக்கியம். லொறி இறங்கும் வேளையில் கொப்பியோடு போய் நின்றால் யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். இறக்கி முடித்துத் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் போனால் கேட்காததையும் சொல்வார்கள்.

தெகிவளையிலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவர்: நேர்கோட்டுத் திட்டமிடல் ஒப்படையில் (இருக்கும் வளத்துக்குள் மிச்சத்தை உச்சமாக்கும் கணக்கு), 10 ஏக்கர் நிலம், 240 ஆள்நாள். மிளகாய்க்கு ஏக்கருக்கு 40 ஆள்நாள், செலவு போக மிச்சம் 200,000. கச்சானுக்கு 15 ஆள்நாள், மிச்சம் 90,000. எக்செல்லில் உள்ள சொல்வர் என்னும் தீர்வுக் கருவியில் விடை வந்துவிட்டது. உழைப்பின் நிழல் விலை, அதாவது ஓர் ஆள்நாள் கூடினால் மிச்சம் எவ்வளவு கூடும் என்பது, 4,400 என்று காட்டுகிறது. அதை எப்படி விளக்கி எழுதுவது?

முதலில் கையால் சரிபாருங்கள். நிலமும் உழைப்பும் இரண்டும் தீர்ந்துபோகும் இடத்தில் மிளகாய் 3.6 ஏக்கர், கச்சான் 6.4 ஏக்கர், மிச்சம் 1,296,000. உழைப்பில் ஒரு நாள் கூடினால் கச்சானிலிருந்து கொஞ்ச நிலம் மிளகாய்க்கு மாறும். ஓர் ஏக்கர் மாற 25 ஆள்நாள் கூட வேண்டும், மிச்சம் 110,000 கூடும். 110,000ஐ 25ஆல் வகுத்தால் 4,400. சொல்வர் சொன்னது இதைத்தான். நிலத்தின் நிழல் விலை 90,000 − 15 × 4,400 = 24,000. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால், 240 × 4,400 உடன் 10 × 24,000 சேர்ந்து, அதே 1,296,000 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கட்டுப்பாடு ஒன்று தவறியிருக்கிறது.

விளக்கத்தில் புள்ளி போவது இனிமேல்தான். நீங்கள் கொடுத்த 200,000, 90,000 ஆகியவற்றில் கூலி ஏற்கெனவே கழிக்கப்பட்டதா? கழிக்காமல் இருந்தால், நாட்கூலி 4,400க்குக் குறைவாக இருக்கும்வரை ஆள் பிடிப்பது இலாபம். கழித்திருந்தால் 4,400 என்பது கூலிக்கு மேலே வரும் இலாபம், ஆகவே கூலியோடு இன்னும் 4,400 வரை கூட்டிக் கொடுத்தாலும் நட்டம் இல்லை. எது என்று சொல்லாமல் எழுதிய விளக்கம் பாதி விளக்கம். அதோடு இந்த விலை உழைப்பு 150 ஆள்நாளிலிருந்து 400 வரை இருக்கும்போது மட்டுமே செல்லும். 400ஐத் தாண்டினால் 10 ஏக்கரும் மிளகாயாகிவிடும், அடுத்த ஆளுக்கு வேலையில்லை, நிழல் விலை பூச்சியம்.

மட்டக்குளியிலிருந்து ஒரு பொருளியல் ஆசிரியர்: பொதுவளம் ஏன் அழிகிறது என்பதை உயர்தர மாணவருக்கு வரைபடம் இல்லாமல் சொல்ல வழி உண்டா?

நீர்கொழும்புக் களப்பை மனத்தில் வைத்து ஒரு சிறு கணக்கு. படகு ஒன்று கூடினால் ஒவ்வொரு படகின் பிடியும் ஒரு கிலோ குறையும்: ஒரு படகின் பிடி = 60 − படகுகளின் எண்ணிக்கை. ஒரு படகை இறக்கும் செலவு 20 கிலோ மீனின் விலை. 20 படகு நின்றால் தலா 40 கிலோ, செலவு போக 20, எல்லோருக்குமாக 400. இப்போது 21ஆவது ஆள் வருகிறார். அவருக்கு 39 கிலோ கிடைக்கும், செலவு போக 19 மிச்சம். யார்தான் விடுவார்? ஆனால் ஏற்கெனவே நின்ற 20 பேரும் தலா ஒரு கிலோ இழந்தார்கள். அவர் 19 சம்பாதிக்க ஊர் 20 இழந்தது. இந்த இழப்பு அவர் கணக்குக் கொப்பியில் எங்கும் வராது. இப்படியே 40 படகு வரை போகும். அப்போது தலா 20 கிலோ, செலவும் 20, மொத்த மிச்சம் பூச்சியம். ஒருவரும் பேராசைக்காரர் இல்லை, ஒருவரும் கணக்குத் தவறவும் இல்லை. 1954இல் பொருளியலாளர் ஸ்கொட் கோர்டன் மீன்பிடிக்கு எழுதிய வாதத்தின் சாரம் இது.

மாணவர் அடுத்துக் கேட்பது, அப்படியானால் எல்லாக் களப்பும் அழிந்திருக்க வேண்டுமே என்பது. எலினோர் ஒஸ்ட்ரொமுக்கு 2009இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கேள்விக்கான பதிலுக்காகத்தான். பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறியவருக்குப் படிப்படியாகத் தண்டம் விதித்துப் பொதுவளத்தைக் காப்பாற்றிய ஊர்கள் உலகெங்கும் உண்டு. தூரம் போக வேண்டாம். நீர்கொழும்புக் களப்பின் வாயில் ‘கட்டுதெல்’ என்னும் கம்பு வலை போட்டு இறால் பிடிப்பவர்கள், யாருக்கு எந்த இடம் என்பதைச் சங்கத்தில் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். உறுப்பினர் அல்லாதவர் அங்கே வலை கட்ட முடியாது. 21ஆவது படகை நிறுத்துவது அந்தச் சீட்டுத்தான்.

நுகேகொடையிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவி: ஆய்வுக்கு பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்தின் பொருளாதாரப் பெறுமதியை எடுத்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் ‘எவ்வளவு கொடுப்பீர்கள்’ என்று கேட்டால் போதுமா?

போதாது. அதைவிட, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. சதுப்பு நிலம் பல வேலை செய்கிறது. வெள்ளத்தை வாங்கி வைக்கிறது, கழிவு நீரை வடிக்கிறது, மீனுக்கும் பறவைக்கும் இடம் கொடுக்கிறது, நடக்க வருபவருக்கு நிழல் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு முறை. வெள்ளத்துக்கு, அந்த நிலம் இல்லாவிட்டால் வரும் சேதத்தையோ அதே வேலையைச் செய்ய வடிகாலும் பம்பும் போடும் செலவையோ கணக்கிட வேண்டும். பொழுதுபோக்குக்கு, வருபவரின் பயணச் செலவும் நேரமும். போகாதவர்கூட ‘அது இருக்க வேண்டும்’ என்று நினைக்கும் மதிப்புக்குத்தான் உங்கள் வினாக்கொத்து முறை. முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்கு 2003இல் செய்த மதிப்பீட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 726 மில்லியன் ரூபா வந்தது. அதில் 485 மில்லியன் அளவு வெள்ளத் தடுப்புக்கு மட்டும், 162 மில்லியன் அளவு கழிவு நீர் வடிப்புக்கு. மீனும் விறகும் சேர்ந்தாலும் அந்த இரண்டுக்கும் பக்கத்தில் வராது. ஆகவே முழு மதிப்பு என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒரு வினாக்கொத்தோடு நிற்காதீர்கள். தலைப்பை ஒரு சேவைக்குச் சுருக்குங்கள். நான்கு மாத ஆய்வுக்கு அதுவே தாராளம். பல சேவைகளைக் கூட்டுவதாக இருந்தால் மீன் குஞ்சு வளரும் இடத்தின் மதிப்பையும் பின்னால் பிடிபடும் மீனின் மதிப்பையும் இரண்டு முறை எண்ணாதீர்கள்.

வினாக்கொத்துத்தான் என்றால், ‘எவ்வளவு’ என்று வெறுமனே கேட்காதீர்கள். 1989இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கொட்டிய பிறகு, பொருளியலாளர்கள் கென்னத் அரோவும் ரொபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய குழு 1993இல் தந்த பரிந்துரை, ஒரு தொகையைச் சொல்லி ஆம் அல்லது இல்லை என்று வாக்குப்போல் கேட்பது. அதன்படி முதலில் 30 வீட்டில் திறந்த கேள்வியாகக் கேட்டு ஓர் அளவைப் பிடியுங்கள். பிறகு 100, 250, 500, 750, 1000 போல ஐந்து தொகை. எந்தத் தாளில் எந்தத் தொகை என்பதை வீட்டிலிருந்து கிளம்புமுன் குலுக்கிப் போட்டு எழுதிவிடுங்கள். வாசலில் நின்று ஆளைப் பார்த்துத் தொகையைத் தேர்ந்தால், கார் நிற்கும் வீட்டில் 1000மும் தகர வேலி வீட்டில் 100மும் கேட்டிருப்பீர்கள், தரவு அங்கேயே கெட்டது. உச்சத் தொகைக்கும் பாதிப்பேர் ஆம் என்றால் தொகை போதாது. தொகை ஏற ஏற ஆம் என்பவர் குறைவதைக் காட்டும் வளைவின் வால் கீழே இறங்காது, சராசரி தாறுமாறாக வரும்.

மொழிபெயர்ப்பில் ஒரு பொறி இருக்கிறது. ‘500 ரூபா கொடுக்க விரும்புகிறீர்களா?’ என்று தமிழில் கேட்டால், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘உங்கள் தண்ணீர் பில்லோடு மாதம் 500 ரூபா சேர்ந்து வந்தால் கட்டுவீர்களா? அந்தக் காசு வேறு செலவுக்கு இருக்காது என்பதையும் நினைத்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். சிங்களத் தாளையும் அதே எடையில் எழுதி, இன்னொருவரிடம் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லிப் பாருங்கள். இல்லை என்பவரிடம் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். ‘வசதி இல்லை’ என்றால் அது உண்மையான பூச்சியம். ‘அரசாங்கம்தான் கட்ட வேண்டும்’ என்றால் அவர் கேள்வியை மறுக்கிறார், சதுப்பு நிலத்தை மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் மதிப்பு பொய்யாகக் குறையும்.

மாதிரி 384 என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 95 சதவீத நம்பிக்கை, ஐந்து சதவீத வழு என்று எடுத்தால் 1.96² × 0.25 ÷ 0.0025, அங்கிருந்துதான் அந்த எண் வருகிறது. பத்துக் கதவில் ஏழுதான் திறக்கும் என்றால் 549 கதவைத் தட்ட வேண்டும். தொடர்மாடிகளில் காவலாளி உள்ளே விடமாட்டார். அப்படித் திரும்பி வந்த ஒவ்வொரு கட்டடத்தையும் பதியுங்கள். அவற்றைவிட்டுத் தனிவீடுகளை மட்டும் நிரப்பி 384 காட்டினால் எண் சரியாக இருக்கும், மாதிரி பிழையாக இருக்கும். வருமானத்தை நேரே கேட்டால் சொல்லமாட்டார்கள். மாத மின்கட்டணத்தைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இந்த வேலை பரீட்சைக்கு மட்டும் உதவும் என்று எண்ண வேண்டாம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி, பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது, மீனவர் இழந்த நாளையும் கடல் இழந்ததையும் ரூபாவில் எழுதக்கூடியவர்கள் உடனே தேவைப்பட்டார்கள். நீங்கள் பழகிக்கொண்டிருப்பது அதே கணக்கை.

மருதானையிலிருந்து ஒரு மாணவர்: கறுவாத் தோட்டத் திட்டத்துக்கு வங்கி வட்டி 18 சதவீதத்தில் கழித்தேன். தேறிய நிகழ்காலப் பெறுமதி (வருங்கால வரவு செலவை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கூட்டிய தொகை) மறை எண்ணாகிவிட்டது. ஆனால் கறுவா செய்பவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

வரவு செலவை இன்றைய விலையில் பத்து வருடத்துக்கும் நீட்டியிருப்பீர்கள். வங்கியின் 18 சதவீதத்துக்குள் பணவீக்கமும் அடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் பணவீக்கம் இல்லாத எண், மறுபக்கம் பணவீக்கம் உள்ள வீதம். பணவீக்கம் 6 சதவீதம் என்று எதிர்பார்த்தால் உண்மை வீதம் 1.18 ÷ 1.06 = 1.113, அதாவது 11.3 சதவீதம். 18இலிருந்து 6ஐ வெறுமனே கழித்தால் வரும் 12 சற்றுப் பிழை. பத்தாவது வருடத்து ஒரு இலட்சம் ரூபா 18இல் கழித்தால் 19,000 சொச்சம், 11.3இல் கழித்தால் 34,000ஐத் தாண்டும். மரப்பயிரில் வருமானம் பின்னால் வருவதால் இந்த வித்தியாசமே திட்டத்தைக் கவிழ்த்துவிடும். ஒன்றில் இரண்டையும் உண்மை விலையில் எழுதுங்கள், இல்லையேல் வரவு செலவையும் ஆண்டுதோறும் பணவீக்கத்தோடு ஏற்றுங்கள். பழைய விலைத் தொடரை எடுக்கும்போது இன்னும் கவனம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த வருடத்தைச் சுட்டெண்ணால் வகுக்காமல் சேர்த்தால், கறுவா விலை ஏறியதா காசு இறங்கியதா என்று பிரித்தறியவே முடியாது.

அதே திட்டத்தை நாட்டின் கணக்காக எழுதச் சொன்னால் மானியத்தையும் வரியையும் எடுத்துவிடுங்கள். அவை ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போகும் காசு. மலைச்சரிவிலிருந்து அரித்துப் போகும் மண்ணைச் செலவில் சேருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து இன்னொரு மாணவி: எந்த மென்பொருள் படிக்கலாம்? காசு கட்டி வகுப்புக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். எக்செல்லை முதலில் முழுமையாகப் பழகுங்கள். பைவட் அட்டவணை, சொல்வர், நிகழ்காலப் பெறுமதிச் சூத்திரம் மூன்றும் கைவசம் இருக்கட்டும். எக்செல்லின் நிகழ்காலப் பெறுமதிச் சூத்திரம் முதல் எண்ணையே ஒரு வருடம் கழித்துவிடும். ஆகவே இன்றைய முதலீட்டை அடைப்புக்கு வெளியே தனியாகக் கூட்டுங்கள், இந்த ஒரு பிழையால் வருடாவருடம் புள்ளி போகிறது. பிறகு ‘ஆர்’ என்னும் புள்ளிவிபர மென்பொருள். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். பயிற்சிக்குத் தரவு தேடி அலைய வேண்டாம். கமநல ஆராய்ச்சி நிறுவகமும் மத்திய வங்கியும் நாளாந்தம் வெளியிடும் மொத்த, சில்லறை விலைகளில் பெரிய வெங்காயத்தை மட்டும் ஒரு வருடத்துக்கு எடுங்கள். தம்புள்ளை விலையையும் கொழும்பு விலையையும் ஒரே தாளில் கீறுங்கள். இடைவெளி எந்த மாதங்களில் லொறிக் கூலியைவிடப் பெருகுகிறது என்று பார்த்து, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் விரிவுரையாளரிடம் காட்டுங்கள்.